முப்பத்தெட்டுப் புத்தகங்களுக்கான விளக்கம்

கணக்காய்வு அலுவலர் அவர்களுக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது.
குறைவாகக் காணப்படுபவை முப்பத்தெட்டு,
பதினான்கு நாட்களுக்குள் காரணம் எழுதுக.

நான் கணக்கு டீச்சர்.
நேரசூசியில் எனக்கு மூன்று பாடவேளை குறைந்ததால்
நூலகத்தை என் தலையில் கட்டினார்கள்.
கதை வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை.
இதை மறைக்க விரும்பவில்லை.

எனக்கு முன் பொறுப்பிலிருந்தவர்
பதினொரு வருடத்தில் ஒன்றையும் தொலைக்கவில்லை.
நீங்கள் அனுப்பிய பாராட்டுக் கடிதத்தைச்
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.
அதற்குக் கீழே, பூட்டிய அலுமாரியில்
ஆயிரத்து இருநூற்று ஆறு முதுகுகள்.
பிள்ளைகள் மூக்கை அழுத்திப் பார்த்துப் பார்த்து
கண்ணாடி நெடுக எண்ணெய்ப் புள்ளிகள்,
ஏழாம் வகுப்பின் உயரத்தில்.
பொறுப்பெடுத்த அன்று
முதலில் அவற்றைத்தான் எண்ணினேன்.

பூட்டைத் திறந்தது புரட்சி ஒன்றுமில்லை.
மழை. மைதானம் குளமாகி
எட்டு பி முழுவதும் நூலகத்தில் அடைபட்டது.
சத்தத்தைக் குறைக்கத்தான் திறந்தேன்.
குறைந்தது.
கிராண்ட்பாஸ் வீதியில் லொறி பின்னெடுக்கும் சத்தம்
வகுப்பறைக்குள் எனக்குக் கேட்டது
அன்றைக்குத்தான்.

இனி, காரணம்.

ஒன்று வெள்ளத்தோடு போனது.
களனி கங்கை வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது
ஜெரூஷன் தூக்கியது தங்கையையும் அரிசிச் சாக்கையும்.
புத்தகத்தை விட்டதற்கு என்னிடம் வந்து அழுதான்.
போட்ட கணக்குச் சரி என்றேன்.

ஒன்று ஆமர் வீதிச் சந்தியில் ஓட்டோவில் ஓடுகிறது.
மகள் கொண்டுபோனதைத்
தகப்பன் ஹயருக்குக் காத்திருந்து வாசிக்கிறார்.
ஒருநாள் நானே ஏறினேன்.
"இன்னும் ரெண்டு அத்தியாயம் டீச்சர்,"
மிச்சக் காசை வாங்க மறந்து இறங்கினேன்.

சஹ்லாவும் அக்காவும் ஒரே இரவில் இழுத்ததில்
ஒன்று தையல் பிரிந்து
முன்பாதி, பின்பாதி.
அதைக் குறைவு ஒன்று என்பதா, அரை இரண்டு என்பதா?
நான்கு, விடுகைப் பத்திரம் வாங்கிய பிள்ளைகளோடு
வத்தளைக்குப் போய்விட்டன.

மற்ற முப்பத்தொன்று எங்கே என்று தெரியாது.
பொய் எழுதலாம், இடமும் விட்டிருக்கிறீர்கள்.
எங்காவது விரித்தபடி கிடக்கலாம்.
கதவு ஆடாமல் அண்டைகொடுத்தும் கிடக்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்கவும்.
அந்தப் பதினொரு வருட இரவல் இடாப்பில்
மொத்தம் ஒன்பது பதிவு, அதில் ஆறு அதிபர்.
இந்த வருடம் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து.
தொலைந்தது நூற்றுக்கு ஒன்றரை, கொஞ்சம் மேலே.
மெனிங் சந்தையில் தக்காளி எடுத்தாலும்
இதைவிட அழுகும்.

இன்னொரு குற்றமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
மீன்களைப் பற்றிய புத்தகத்தை
அனுஜிதன் பத்தொன்பது முறை எடுத்திருக்கிறான்.
வாசிக்கிறானா, படம் பார்க்கிறானா, கேட்கவில்லை.
ஓரங்களில் முகத்துவாரத்து மீன்களின் பெயரை
தமிழிலும் சிங்களத்திலும் பென்சிலால் எழுதி
ஓரிடத்தில், "இந்தப் படம் பிழை,
வாலில் மஞ்சள் இருக்கும்."
பொதுச்சொத்துக்குச் சேதம்.
நான் அழிக்கவில்லை.

சம்பளத்தில் கழிப்பதானால்
தவணையாகக் கழிக்கவும், வீட்டுக் கடன் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் படிவத்தில்
'மிகை' என்றொரு நிரல், இதுவரை யாரும் தொடாதது.
நேற்றுக் காலை என் மேசையில் ஒரு புத்தகம்.
நம் முத்திரை இல்லை.
மருதானை நடைபாதைக் கடையில் வாங்கியதாக இருக்கலாம்,
உள்ளட்டையில் நூற்றிருபது ரூபா என்று கிறுக்கல்.
நடுவில் கொப்பித் தாள்த் துண்டு:
"மற்றது தொலைஞ்சுட்டு. இது அதைவிட மொத்தம்."
பெயர் இல்லை. எழுத்து எனக்குத் தெரியும்,
கணக்கில் ஏழை ஒன்றைப் போல எழுதுகிற கை.

இதற்கு இலக்கம் கொடுப்பதா?
பதில் எழுதுங்கள். அவசரமில்லை.
இப்போதுதான்
முப்பத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன்.